கணை

பள்ளிக்கூடத்தில் கணை என்றால் அம்பு என்று படித்தவர்கள், முக்கூடல் பக்கத்து வயற்காட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் சற்று நின்றுதான் நகர்வார்கள். "ஏல, மம்பட்டிக் கணை ஆடுது. வாய்க்கால் தண்ணியில செத்த நேரம் போட்டு வை" என்று தகப்பன் மகனிடம் சொல்லுவார். மண்வெட்டியில் கை பிடிக்கும் மரத்துக்கு இங்கே கணை என்று பெயர். காய்ந்த மரம் தண்ணீரைக் குடித்து ஊதும், இரும்பின் துளைக்குள் இறுகும், ஆட்டம் நிற்கும். வில்லும் அம்பும் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்ட பிறகும், அம்பின் பெயர் ஓர் உழவர் கையில் அன்றாடம் தேய்ந்துகொண்டிருக்கிறது. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று தேடிப் போனால், ஒரு கத்தியில் யார் பங்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

தாமிரபரணிப் படுகையில் வெட்டுக் கருவி வாங்குவது நெடுங்காலமாகப் பாதிக் கருவி வாங்குவதுதான். கொல்லாசாரியின் பட்டறையில் மண்வெட்டியும் கோடாலியும் அரிவாளும் அரிவாள்மணைக்கான அலகும் பிடியில்லாமல், வெறும் இரும்பாகக் கிடக்கும். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி, உலையில் பழுக்கவைத்து, சம்மட்டியால் அடித்து, வாய் எடுத்து, தோய்ச்சல் போட்டு அவர் தருவது அலகு மட்டுமே. மரத்தை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடியையும் சேர்த்துப் போட்டுத் தரக்கூடாதா என்று ஒரு பட்டறையில் கேட்டேன். "உங்க கை எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? மரம் கொண்டுட்டு வாங்க, இல்லன்னா தச்சாசாரிகிட்ட போங்க" என்றார் அந்தப் பெரியவர். தொழிலின் எல்லையை இவ்வளவு சுருக்கமாகவும் மரியாதையாகவும் வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த எல்லை பழையது. களத்தில் நெல் அளக்கும்போது கொல்லருக்கும் தச்சருக்கும் தனித்தனியே பங்கு ஒதுக்கிய காலம் இருந்தது. அந்தப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். இன்று நாட்டு விடுதலையைக் குறிக்கும் அதே சொல்தான், ஊர்த் தொழிலாளிக்குரிய உரிமைக் கூலிக்கும் வழங்கியது. இரும்புக்கு ஒரு சுதந்திரம், மரத்துக்கு ஒரு சுதந்திரம். கருவி இரண்டு கையில் பிறந்து மூன்றாவது கையில் முடிந்தது.

இனி கணைக்கு வருவோம். அகராதிகள் அம்பு என்ற பொருளோடு திரட்சி என்ற பொருளையும் இந்தச் சொல்லுக்குத் தருகின்றன. திரட்சி என்பது உருண்டு நீண்ட கனம். இந்தப் பொருளை வைத்துக்கொண்டு பார்த்தால் சிதறிக் கிடக்கும் சொற்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே திரண்ட பகுதி கணைக்கால். சேர அரசன் ஒருவன் பெயரே கணைக்கால் இரும்பொறை. கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போட்ட உருட்டு மரம் கணையமரம். வயிற்றுக்குள் நீளக் கிடக்கும் உறுப்புக்கு இக்கால மருத்துவத் தமிழ் கணையம் என்று பெயர் வைத்திருக்கிறது. இவற்றில் எதிலும் கூர்மை இல்லை. குத்துவதும் வெட்டுவதும் இந்தச் சொல்லின் அடியில் கிடையாது. உருண்டு நீண்ட தண்டுதான் கணை. அந்தத் தண்டின் நுனியில் இரும்பைச் செருகி எய்தபோது, முழு ஆயுதத்துக்கும் தண்டின் பெயரே நின்றுவிட்டது. ஆகவே மண்வெட்டிக் கணை புலவரின் சொல்லை உழவர் கடன் வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. தண்டு என்ற முதற்பொருளை உழவர் விடாமல் வைத்திருக்க, புலவர்தான் அதை அம்போடு நிறுத்திக்கொண்டார்.

கணை மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். கோல் என்ற சொல்லைப் பாருங்கள். கோல் என்றால் குச்சி; பழந்தமிழில் கோல் என்றால் அம்பும்தான். வடமொழியில் சரம் என்பது நாணலுக்கும் அம்புக்கும் ஒரே பெயர். அம்பு செய்தவர்கள் இரும்பு நுனியைவிட அதைத் தாங்கிய தண்டைத்தான் பெயரிடத் தகுந்ததாக எண்ணியிருக்கிறார்கள். கத்தரிக்கோலில் இன்றும் அந்தக் கோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு துண்டு மரம்கூடக் கிடையாது.

பிடிக்கு இன்னொரு பெயர் காம்பு. பூவின் காம்பு, இலையின் காம்பு, கத்தரிக்காயின் காம்பு என்று செடியில் பிறந்த சொல். பழைய பாட்டுகளில் மூங்கிலுக்கும் அதுவே பெயர். அங்கிருந்து குடைக் காம்பு, கரண்டிக் காம்பு என்று இறங்கி, குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக் காம்பு என்று பழமொழியிலும் ஏறிவிட்டது. அந்தப் பழமொழியின் வலியைக் கவனிக்க வேண்டும். மரத்தை வெட்டுவது இரும்பு. ஆனால் இரும்புக்கு மரத்தோடு உறவு கிடையாது; அதன் மேல் வருத்தமும் கிடையாது. உறவினமான மரம் பிடியாகப் போய் நின்றதே என்பதுதான் குறை. பிடியில்லாவிட்டால் கோடாலி ஓர் இரும்புத் துண்டு என்பதை நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும்.

மூன்றாவது பெயர் காழ். மரத்தின் வைரத்துக்கும் விதையின் கெட்டிக்கும் பெயரான இது, சங்கப் பாட்டில் வேலின் மரத்தண்டைக் குறிக்கிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டில், அவனுடைய வேல்களின் காழ் திருத்தமாக இருக்கிறது, நெய் பூசியிருக்கிறது, மாலை சூட்டியிருக்கிறது. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. அழகு பார்க்கப்பட்டது மரம், அடிபட்டது இரும்பு. 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று ஒவ்வொருவர் கடமையையும் வரிசையாகச் சொல்லும்போது வேலை வடித்துத் தருவதைக் கொல்லனுக்கு வைக்கிறார். காழை யார் செருக வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. எறியப்போகிறவனே செருகிக்கொண்டிருப்பான் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

காழைப் பற்றித் தொல்காப்பிய மரபியலில் ஓர் அருமையான பாகுபாடு உண்டு. உள்ளே வைரம் உள்ளவை மரம். வெளியே வைரம் உள்ளவை புல். அந்தக் கணக்கில் வேம்பும் புளியும் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இலக்கணத்துக்காகச் சொன்னதுபோல் தெரிந்தாலும், பிடி செய்கிறவருக்கு இது நேரே உதவும் அறிவு. கருவேலங் கட்டையையோ புளியங் கட்டையையோ எடுத்தால் மேல் வெள்ளையைச் சீவி எறிந்துவிட்டு உள்வைரத்துக்குப் போக வேண்டும். பனையில் உள்ளே போகப் போகச் சோறுதான், வெளிச்சுற்றில்தான் வலு. அந்தச் சுற்றும் சிராம்பு சிராம்பாகப் பிரிந்து உள்ளங்கையில் ஏறும். பனங்காடு நிறைந்த இந்தச் சீமையில் பிடிக்கு மட்டும் பனையைத் தேடாமல் கருவேலையும் புளியையும் தேடுவது அதனால்தான். கொய்யாக் கொம்பும் நல்லது. கனம் குறைவு, எளிதில் ஒடியாது.

இரும்புப் பாதியின் பெயர்கள் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. அலகு என்றால் பறவையின் மூக்கு, தாடை. வெட்டும் விளிம்புக்கு வாய். எதிர்ப்புறம் முதுகு. கதிரறுக்கும் அரிவாளுக்குப் பல். பிடிக்குள் போகிற மெல்லிய நீட்சிக்கு வால். வாயும் பல்லும் முதுகும் வாலுமாக இரும்பு ஓர் உயிரினத்தின் உடம்பு; காம்பும் கோலும் காழுமாக மரம் ஒரு செடியின் உடம்பு. தமிழன் கத்தியில் விலங்கும் செடியும் சேர்கிற இடத்தில் பூண் இருக்கிறது. பூணுதல் அணிதல், பூண் என்றால் நகை. உலக்கை நுனியில் போடும் இரும்பு வளையமும், கத்திப் பிடியின் கழுத்தில் மரம் பிளக்காமல் இறுக்கும் பித்தளை வளையமும் பூண். உழைக்கும் கட்டைக்கு நகையின் பெயரைக் கொடுத்தவர்கள் அதை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்.

பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நிழலில் காயவைத்த கட்டையைக் கை அகலத்துக்கு மேல் இரண்டு விரற்கடை கூட வைத்து அறுப்பார்கள். துறப்பணத்தால் நேர்நடுவில் துளை. வாலைவிடச் சற்றுச் சிறிய துளை. பிறகு வாலை மட்டும் நெருப்பில் பழுக்கவைத்து அந்தத் துளைக்குள் இறக்கினால் புகை கிளம்பும். இரும்பு தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மரத்தைச் சுட்டுக்கொண்டு உள்ளே போகும். அப்போது அலகின் வாய்ப்பக்கம் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு வாய்க்கு ஏறித் தோய்ச்சல் போய்விடும். கொல்லாசாரி கொடுத்த கடினம் அத்தனையும் இளகிவிடும். தோய்ச்சல் என்ற சொல்லும் நின்று கேட்கத் தகுந்தது. பாலைத் தயிராகத் தோய்ப்பதும், துணியைத் தண்ணீரில் தோய்ப்பதும், பழுத்த இரும்பைத் தண்ணீரில் அமிழ்த்துவதும் ஒரே வினை. ஒன்றில் ஒன்று அமிழ்ந்து இயல்பு மாறுவது தோய்தல். வால் இறங்கியதும் மீந்த இடுக்கில் அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். பூணை அடித்து இறுக்குவார்கள். வால் அகலமாக இருந்தால் இருபுறமும் மரத்தகடு வைத்து ஆணி செருகித் தலையைத் தட்டிப் பரப்புவார்கள். அதற்குத் தறைதல் என்று சொல். கடைசியில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எண்ணெய் தடவினால் முடிந்தது. முடிந்தது என்றாலும், ஒரு பருவம் கைபட்ட பிறகே அது கைக்கு வரும்.

அடுக்களையில் இந்தக் கூட்டு இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. அருவாமனை என்று நாம் சொல்வது அரிவாள்மணை. அரிதல் நறுக்குதல், வாள் வெட்டும் தகடு, மணை உட்காரும் பலகை. கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற அதே மணை. பலர் இதை வீடு என்று பொருள்படும் மனையாக எழுதுகிறார்கள். பலகையை நினைத்துக்கொண்டால் எழுத்து தவறாது. கத்தி அசைய, காய் கிடப்பது மற்ற ஊர்களின் வழக்கம். இங்கே கத்தி கிடக்கிறது, காய் அசைகிறது, பலகையில் கால் வைத்து அழுத்தும் பெண்ணின் உடல் எடைதான் பிடி. சந்தையில் அலகை வாங்கி வந்து, வீட்டில் கிடக்கும் பழைய கதவுச் சட்டத்தையோ வண்டிப் பலகையையோ மணையாக்கிப் பொருத்திக்கொண்ட குடும்பங்கள் இந்தப் படுகையில் ஏராளம். அலகு தேய்ந்து மாறும். மணை பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும்.

வேலையிலிருந்து பெயர் பெற்ற கத்திகள் தனிக்கூட்டம். பதநீருக்குப் பாளை சீவுவது பாளை அரிவாள். இலங்கை மலையகத்துக்குப் போன தமிழர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியைக் கவ்வாத்துக் கத்தி என்றார்கள். பேனாக்கத்தியின் பேனா போர்த்துகீசியச் சொல். இறகைச் சீவிப் பேனாவாக்கிய காலத்தின் பெயர். அதற்கு முன்பே நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது: ஒரு பக்கம் ஓலையில் எழுதும் ஆணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். சூரிக்கத்தியும் பிச்சுவாவும் வடக்கிலிருந்து வந்த பெயர்கள். கத்தி என்ற சொல் மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு எல்லாவற்றிலும் இருப்பதால் நம் வீட்டுச் சொல். கத்தரி மட்டும் கர்த்தரி என்ற வடசொல்லின் வழி வந்தது என்கின்றன அகராதிகள். இன்று முக்கூடலில் அதிகம் புழங்கும் வெட்டுக் கருவி அந்தக் கத்தரிதான். சொக்கலால் ராம்சேட் பீடியால் பெயர் பெற்ற ஊர் இது. பீடி இலையைத் தகட்டு அளவு வைத்து நறுக்கும் பெண்களின் விரல்களில் அது நாள் முழுக்க ஓடுகிறது. முழுக்க இரும்பு, செய்து முடித்தே வருகிறது. அதில் யாரும் ஒரு மரமும் சேர்ப்பதில்லை, ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை.

பிளேடு என்ற ஆங்கிலச் சொல்லும் தமிழுக்குள் வந்து சவரத்தோடு நின்றுவிட்டது. அரிவாளின் இரும்பை இங்கே யாரும் பிளேடு என்று சொல்வதில்லை. அலகு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. மண்வெட்டியோ எதிர்த் திசையில் போனது. மம்பட்டி என்ற நம் பேச்சொலியை வெள்ளைக்காரர்கள் மமூட்டி என்று பிடித்துக்கொண்டார்கள். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது ஏறியிருக்கிறது. கப்பலேறியது இரும்பின் பெயர். கணை இங்கேயே இருந்துவிட்டது.

தொலைவில் ஒரு துணை கிடைக்கிறது. பின்லாந்துக்காரர்களின் இடுப்புக் கத்திக்குப் பூக்கோ என்று பெயர். அவர்கள் மொழியில் பூ என்றால் மரம். கத்தியின் பெயர் அந்த மரத்திலிருந்து, அதாவது மரப்பிடியிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. ஜெர்மானியச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. முதல் கருத்துக்கு வலுவூட்டும் பழக்கம் அந்த நாடுகளில் இன்றும் இருக்கிறது. சுவீடனின் மூரா வட்டாரத்தில் செய்யும் அலகுகளைப் பிடியில்லாமல் வாங்கி, பூர்ச்ச மரத்தில் தம் கைக்கேற்ற பிடியைச் செதுக்கிக்கொள்வதை அங்கே பெரியவர்களும் பிள்ளைகளும் ஆசையாகச் செய்கிறார்கள். நம் ஊரில் தேவைக்காகச் செய்ததை அவர்கள் ஒரு கலையாகப் பேணுகிறார்கள். அதற்கென நூல்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் பதிந்து வைக்கிறார்கள்.

பதிந்து வைப்பது ஏன் முக்கியம் என்பதைத் தாமிரபரணிக் கரையே சொல்லும். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது வாளும் வேல்முனையும் அம்புமுனையுமாக இரும்பு குவியலாகக் கிடைத்தது. ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2023 முதல் ஆதிச்சநல்லூரிலேயே குழிகளின் மேல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள்; நின்று பார்க்கலாம். இதே ஆற்றுப் படுகையின் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்தனை ஆயிரம் ஆண்டு இரும்பையும் மண் துருவோடு காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. மரத்தைத் தின்றுவிட்டது. அந்த வாளைப் பிடித்த கை எந்த மரத்தைப் பிடித்தது, பிடி எவ்வளவு பருமன், பூண் இருந்ததா என்பதற்கெல்லாம் பெரும்பாலும் விடையில்லை. இரும்பின் வரலாற்றை மண் வைத்திருக்கிறது. மரத்தின் வரலாற்றைச் சொற்கள்தான் வைத்திருக்கின்றன: கணை, காம்பு, காழ், மணை, பூண்.

முக்கூடல் என்ற பெயருக்கே இப்படி ஒரு காவல் தேவைப்பட்டது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இன்றைய பீடி ஊர் அல்ல; கிழக்கே சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரிப் பகுதி. அங்கே அந்தப் பெயர் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. அழகர் கோயிலும் பள்ளுப் பாட்டும் இல்லாதிருந்தால் அது அடையாளமே இல்லாமல் போயிருக்கும். உழவர் வாயில் இருந்த நெல் வகை, மாட்டு வகை, மீன் வகைப் பெயர்களை அந்தப் பள்ளு இலக்கியத்துக்குள் கொண்டுவந்து காப்பாற்றியது. ரா.பி. சேதுப்பிள்ளை 1946இல் 'ஊரும் பேரும்' எழுதி ஊர்ப்பெயர்களுக்கு அந்த வேலையைச் செய்தார். அவர் இந்தச் சீமைக்காரர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளையும் இந்தச் சீமைக்காரர்தான். பட்டறைச் சொற்களுக்கும் தச்சுச் சொற்களுக்கும் அப்படி முழுமையான ஓர் உழைப்பு இன்னும் வேண்டியிருக்கிறது.

காலம் குறைவாக இருக்கிறது. கடையில் பிளாஸ்டிக் பிடியோடு வருகிற கத்தி மலிவு. பிடி உடைந்தால் கத்தியையே எறிந்துவிடுகிறோம். இரும்புக் குழாயையே கணையாக ஒட்டவைத்த மண்வெட்டிகளும் வந்துவிட்டன. அவற்றை வாங்குகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். வயல் வேலைக்கு நாள் காத்திருக்காது. ஆனால் கணையைச் செருகத் தேவையில்லாத வீட்டில் கணை என்ற சொல் ஒரு தலைமுறைகூட நிற்காது.

உங்கள் ஊரில் உலை எரிகிற பட்டறை ஒன்று இன்னும் இருக்கும். அங்கே ஓர் அலகை வாங்குங்கள். நல்ல வைரக் கட்டையாகத் தேடிப் பிடியை நீங்களே போடுங்கள்; முடியாவிட்டால் தச்சாசாரி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கும் வாலுக்கும் பூணுக்கும் துளைக்கும் உங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை, ஊர்ப்பெயரோடும் தேதியோடும், அவர்கள் உச்சரித்தபடியே எழுதி வையுங்கள்.